இன்றே கடைசி: மதுரையில் தள்ளுபடிக் கெடுவின் வரலாறு

குறிப்பிட்ட நாளுக்குள் வாங்குவோருக்கு மட்டும் விலைக் குறைப்பு என்று அறிவிக்கும் விற்பனை முறை மதுரைக்குத் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. ஆடித் தள்ளுபடியும், தீபாவளியையொட்டிய கைத்தறித் தள்ளுபடியும், கடை இடம் மாறும்போது நடக்கும் ஸ்டாக் க்ளியரன்ஸும் கடைவீதியின் வழக்கங்கள். அவற்றைத் தேடி மக்கள் கடைக்குப் போனார்கள். தொலைக்காட்சி அந்தச் சலுகையை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. மாதக் கணக்கில் இருந்த கெடு நாள் கணக்காகச் சுருங்கி, பிறகு நிமிடக் கணக்குக்கு வந்து நின்றது.

அந்தக் கெடு உண்மைதானா என்ற கேள்விக்கு எல்லா விளம்பரத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பார்க்க வேண்டியது, கெடுவுக்குப் பின்னால் காரணம் இருக்கிறதா என்பதே. மாதம் முடிகிறது, அரசின் மானியம் நிற்கிறது, கிடங்கில் சரக்கு தீர்கிறது என்பவை விற்பவர் நினைத்தாலும் எளிதில் தள்ளிப்போட முடியாத காரணங்கள். அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லாமல், வாங்குபவரை அவசரப்படுத்துவதற்காக மட்டும் சொல்லப்படும் கெடு பொய்க்கெடு. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குத் தள்ளுபடி எப்படி நகர்ந்தது என்பதே இந்த வழக்கத்தின் வரலாறு.

கடைவீதிக் காலம்

ஆடித் தள்ளுபடிக்கு அடிப்படை பஞ்சாங்கமும் வேளாண்மையும். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் ஆடியில் பெரும்பாலோர் திருமணமும் புதுமனை புகுவிழாவும் வைப்பதில்லை. புதிதாக மணமான பெண்ணை ஆடிச் சீர் கொடுத்துத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழிப்படி, உழவர் கையில் இருக்கும் பணம் உழவுக்கும் விதைக்கும் போய்விடும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான், வாடிப்பட்டி ஆகிய ஊர்களிலிருந்து வரும் கூட்டத்தை நம்பியிருந்த மதுரைத் துணிக்கடைகளுக்கு இது மந்தமான மாதம். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் விற்றுத் தீராத சேலையும் வேட்டியும் கிடங்கில் கிடக்கும். தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் கட்ட வேண்டிய நேரமும் அதுதான். முடங்கிய சரக்கைப் பணமாக்க, விளக்குத்தூண் பகுதியிலும் மாசி வீதிகளிலும் வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள்.

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் விலையைக் குறைக்க வேண்டிய தேவை போய்விடும். ஆகவே ஆடித் தள்ளுபடியின் கெடுவை வைத்தது பஞ்சாங்கம். வாங்குபவருக்கும் அது தெரியும், விற்பவருக்கும் தெரியும். ஆடி போனால் இந்த விலை கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னபோது அதில் பொய் இருக்கவில்லை.

அரசு சார்ந்த தள்ளுபடிக்கு இதைவிடக் கறாரான கெடு இருந்தது. 1935இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் கைத்தறித் துணிக்குப் பண்டிகைக் காலங்களில் தள்ளுபடி தந்துவருகிறது. கதர்க்கடைகள் அக்டோபர் 2ஆம் தேதி காந்தி ஜெயந்தியையொட்டி விலை குறைத்தன. இந்தக் குறைப்பில் ஒரு பங்கை அரசு மானியமாக ஈடுகட்டியது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அரசாணையில் இருக்கும். தேதி கடந்து விற்றால் மானியம் வராது, நட்டம் சங்கத்தின் தலையில் விழும். கெடுவை நீட்டிக்க விற்பனையாளருக்கு அதிகாரமே இல்லாததால், அந்தக் கெடு முழுக்க நம்பத் தகுந்ததாக இருந்தது.

திரையரங்கின் கெடுவும் அதே வகையைச் சேர்ந்தது. சுவரொட்டியின் குறுக்கே தனித் தாளில் அச்சிட்டு ஒட்டப்படும் ‘இன்று இப்படம் கடைசி’ என்ற வரி தமிழ்நாடு முழுவதும் பழக்கமானது. படச்சுருள் பிரதிகள் குறைவாக இருந்த காலம் அது. ஒரு கொட்டகையில் ஓட்டம் முடிந்ததும் படப்பெட்டி பேருந்திலோ ரயிலிலோ அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெட்டி போய்விட்டால் மறுநாள் அந்தப் படத்தைக் காட்ட வழியே கிடையாது. நாளையில்லை என்பதைக் கேட்டதும் மக்கள் கிளம்பி வருவதைத் தமிழ்நாட்டு வணிகம் கண்கூடாகக் கண்டது இந்தச் சுவரொட்டிகளில்தான். தொலைக்காட்சி பின்னாளில் எடுத்துக்கொண்டது இதே அழைப்பை. அதற்கு ஆதாரமாக இருந்த படப்பெட்டி மட்டும் கூட வரவில்லை.

சின்னத்திரை வருகை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷன் வணிக விளம்பரங்களை ஏற்றது. அப்போது சென்னை அலை மதுரையை எட்டவில்லை. 1980களில் நாடெங்கும் நிறுவப்பட்ட மறுஒளிபரப்புக் கோபுரங்களும், குறிப்பாகக் கொடைக்கானல் மலையில் அமைந்த உயர்சக்திக் கோபுரமும் வந்த பிறகுதான் தென்மாவட்ட வீடுகள் சென்னை நிகழ்ச்சிகளை ஒழுங்காகப் பார்த்தன.

தூர்தர்ஷன் காலத்து விளம்பரங்களில் குறுகிய கெடு அரிது. விளம்பர நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஒளிநாடாவை முன்னதாகக் கொடுக்க வேண்டும், அது விளம்பர விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்ப்பார்கள். அந்த ஏற்பாட்டில் சோப்பு, பற்பசை, முகப்பவுடர் போன்ற பொருள்களின் பெயரை மனத்தில் நிறுத்தும் விளம்பரங்களே பொருந்தின. பண்டிகைச் சலுகைகள் வந்தாலும் அவை வாரக் கணக்கில் நீடிப்பவை.

1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ராஜ், விஜய் முதலிய அலைவரிசைகள் வந்தன. விளம்பர நேரம் பெருகியது. சென்னை தியாகராய நகரின் பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் தமிழ்நாடு முழுவதையும் நோக்கிப் பேசத் தொடங்கின. 1990களின் நடுவில் அகாய் நிறுவனம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற மாற்றுத் திட்டத்தைப் பரவலாக விளம்பரம் செய்து, மற்ற நிறுவனங்களையும் அதே வழிக்கு இழுத்தது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு பகுதியின் கேபிள் நடத்துநரும் தமக்கென ஓர் அலைவரிசை வைத்துக்கொண்டு படம் போட்டார். படத்தின் அடியில் உள்ளூர்க் கடைகளின் அறிவிப்பு ஒரே வரியாக ஓடியது. ஆடித் தள்ளுபடி இன்னும் மூன்று நாள் மட்டும் என்ற வரியைக் கடைக்காரர் அன்று காலையில் சொன்னால் அன்று மாலையே ஓட்டலாம். பெரிய அலைவரிசைகளில் முடியாத வேகம் அது.

வைகையின் வடகரையில் வண்டியூர்க் கண்மாயை ஒட்டி வளர்ந்த கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளுக்கு இந்த மாற்றம் பெரிது. அங்கிருந்து ஜவுளி எடுக்க வேண்டுமானால் கோரிப்பாளையம் வந்து ஏ.வி. பாலத்தைக் கடந்து பழைய நகருக்குள் போக வேண்டும். கடைகளை நேரில் சுற்றி விலை ஒப்பிடுவது ஒரு முழு நாள் வேலை. தொலைக்காட்சி அறிவிப்பு அந்த அலைச்சலைக் குறைத்தது. நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கும் பழக்கத்தையும் அதுவே மெல்லக் குறைத்தது.

நீளும் ஆடி

விளம்பரச் செலவு கூடக் கூடத் தள்ளுபடியின் கால எல்லையும் நெகிழ்ந்தது. ஆனி முடிவதற்குள்ளேயே ஆடி விளம்பரம் தொடங்கிவிடும். ஆடி முடிந்த பிறகு மக்களின் பேராதரவை முன்னிட்டுச் சலுகை நீட்டிப்பு என்ற அறிவிப்பு வரும். பழைய சரக்கைத் தீர்ப்பதற்காக வந்த வழக்கம், ஆடிக்கென்றே குறைந்த விலைச் சரக்கைக் கொள்முதல் செய்து விற்கும் பருவ வியாபாரமாகவும் மாறியது. ஆடிக்குப் பிறகு தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், அட்சய திருதியை, தமிழ்ப் புத்தாண்டு, பள்ளித் திறப்பு என்று சலுகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டன.

சலுகையின் உண்மைத்தன்மை கெடத் தொடங்கியது இங்கேதான். தள்ளுபடி என்றால் வழக்கமான விலை ஒன்று இருக்க வேண்டும். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பொருள் அந்த விலைக்கு விற்றிருக்க வேண்டும். தள்ளுபடி நாள்களே பெரும்பாலானவை ஆகிவிட்டால், தள்ளுபடி விலைதான் வழக்கமான விலை. அடித்துக் காட்டப்படும் பெரிய தொகைக்கு யாரும் அந்தப் பொருளை வாங்கியதே இருக்காது. உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையும் இதற்குத் துணை போகிறது. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்தத் தொகையை நிர்ணயிப்பது பெரும்பாலான பொருள்களில் உற்பத்தியாளரே. 2,999 ரூபாய் என்று அச்சிட்டு 999 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னால் 2,000 ரூபாய் லாபம் என்று தோன்றும். அந்தப் பொருள் எந்தக் கடையிலாவது 2,999 ரூபாய்க்கு விற்றதா என்று கேட்டால்தான் லாபத்தின் அளவு தெரியும்.

அரைமணி நேரக் கடை

கெடுவை நிமிடங்களாகச் சுருக்கியது தொலைவிற்பனை நிகழ்ச்சி. அமெரிக்காவில் 1984இல் தொலைக்காட்சி விளம்பர நீளத்துக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், ஒரே பொருளைப் பற்றி அரைமணி நேரம் பேசும் விளம்பர நிகழ்ச்சிகள் பெருகின. இந்தியாவில் 1990களில் ஆசியன் ஸ்கை ஷாப், டெலிபிராண்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த முறையைக் கொண்டுவந்தன. உடற்பயிற்சிக் கருவி, கூந்தல் எண்ணெய், சமையல் கருவி ஆகியவற்றுக்கான அந்நிகழ்ச்சிகள் தமிழிலும் வந்தன. 2008இல் ஹோம்ஷாப்18 என்ற 24 மணி நேர விற்பனை அலைவரிசை தொடங்கியது. தொலைவிற்பனை நிறுவனமான நாப்டால் தமிழிலும் ஒளிபரப்பியது.

இந்நிகழ்ச்சியின் கட்டமைப்பு ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். முதலில் வீட்டில் அன்றாடம் ஏற்படும் தொல்லை ஒன்றைக் காட்டுவார்கள். பிறகு பொருள் வரும், அதன் விலை பெரிதாகத் தெரியும். அந்த விலையின் மேல் சிவப்புக் கோடு விழுந்து சின்ன விலை வரும். இதோடு முடியவில்லை என்று சொல்லி இன்னொரு பொருளை இலவசமாகச் சேர்ப்பார்கள். திரையின் மூலையில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடும், கையிருப்பு எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். அடுத்த பதினைந்து நிமிடங்களுக்குள் அழைப்பவர்களுக்கு மட்டும் என்ற குரல் தொலைபேசி எண்ணோடு திரும்பத் திரும்ப ஒலிக்கும். பொருள் வீட்டுக்கு வரும்போது பணம் கொடுத்தால் போதும் என்பதால் தயங்கவும் காரணம் இருக்காது.

அவசரத்துக்கு வணிகக் கணக்கு உண்டு. இந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பின்னிரவு, அதிகாலை, முற்பகல் போன்ற மலிவான நேரங்களை மொத்தமாக வாங்கி ஒளிபரப்பானவை. ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் எத்தனை அழைப்பு வந்தது என்பதை வைத்தே அந்த நேரத்துக்குக் கொடுத்த பணம் தேறியதா என்று முடிவு செய்வார்கள். பார்த்தவர் பிறகு அழைக்கலாம் என்று எழுந்து போனால் பெரும்பாலும் அழைக்கவே மாட்டார். அதனால் அழைப்பு அப்போதே வர வேண்டும். குறைவாக இருக்கும் பொருள் மனத்துக்கு உயர்ந்ததாகப் படும் என்பதையும் உளவியல் காட்டியிருக்கிறது. 1975இல் ஸ்டீபன் வொர்ச்சலும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், இரண்டே பிஸ்கட் இருந்த ஜாடியிலிருந்து எடுத்துத் தின்றவர்கள், பத்து பிஸ்கட் இருந்த ஜாடியிலிருந்து எடுத்தவர்களைவிட அதை விரும்பத்தக்கதாக மதிப்பிட்டார்கள். பிஸ்கட் இரண்டிலும் ஒன்றேதான்.

இதில் பொய் எங்கே என்பது நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டது என்பதிலேயே வெளிப்படுகிறது. முன்பே பதிவான ஒளிநாடாவுக்கு இன்று எந்த நாள் என்று தெரியாது. அதே நாடா நாளையும் அடுத்த வாரமும் ஓடும். ஒவ்வொரு முறையும் கடிகாரம் பதினைந்திலிருந்து இறங்கும், ஒவ்வொரு முறையும் கையிருப்பு அதே எண்ணிலிருந்து குறையும். கிடங்கில் உள்ள சரக்குக்கும் திரையில் ஓடும் எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

சட்டத்தின் அளவுகோல்

ஏகபோக மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டம் 1969இல் இயற்றப்பட்டபோது அதில் விளம்பரப் பொய்களுக்கு இடமில்லை. அச்சட்டத்தை ஆராய்ந்த சச்சார் குழுவின் 1978ஆம் ஆண்டு அறிக்கை அந்தக் குறையைச் சுட்டியது. 1984 திருத்தத்தில் 36அ பிரிவு சேர்ந்து, முறையற்ற வணிக நடைமுறை என்ற கருத்து இந்தியச் சட்டத்துக்குள் வந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதைத் தொடர்ந்தன.

முறையற்ற வணிக நடைமுறை பற்றிய இந்த விதி தள்ளுபடிக்கு இரண்டு அளவுகோல் வைக்கிறது. விளம்பரப்படுத்திய சலுகை விலையில் விற்கும் எண்ணம் இருக்க வேண்டும், வணிகத்தின் தன்மைக்கு ஏற்ற நியாயமான காலத்துக்கும் நியாயமான அளவிலும் பொருள் அந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் திசைதிருப்பக் கூடாது என்பது மற்றொன்று. முதல் அளவுகோல், கதவு திறந்ததும் தீர்ந்துவிட்டது என்று கைவிரிக்கும் கடைக்கு எதிரானது. இரண்டாவது, ஆண்டு முழுவதும் தள்ளுபடி நடத்தும் கடைக்கு எதிரானது. காலவரம்பு வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வைத்த வரம்பு மெய்யாக இருக்க வேண்டும் என்கிறது.

2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அமைந்தது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஒவ்வொருவராக வழக்குப் போடும்வரை காத்திராமல் தானாகவே விசாரிக்கவும் முடியும்.

அந்த அதிகாரம் தொலைவிற்பனையின் மீது பாய்ந்தது 2022 பிப்ரவரியில். நாப்டால் நிறுவனத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தங்கநகைத் தொகுப்பு, முழங்கால் காந்தப் பட்டை, அக்குபிரஷர் செருப்பு ஆகியவற்றின் விளம்பரங்கள் அந்த விசாரணையில் இருந்தன. பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சி என்பதையும், அது கையிருப்பின் நேரடி நிலையைக் காட்டவில்லை என்பதையும் ஒளிபரப்பின்போது தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. இன்றே வாங்காவிட்டால் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, அதே பொருளைப் பின்னரும் விற்பதன் மூலம் செயற்கைத் தட்டுப்பாட்டை உருவாக்குவதை உடனே நிறுத்தவும் சொன்னது. தொலைக்காட்சிச் சலுகைக் கெடு உண்மையா என்ற கேள்விக்கு ஓர் இந்திய அதிகார அமைப்பு இவ்வளவு நேராகப் பதில் சொன்னது பெரிய செய்தி.

அதே ஆண்டு ஜூன் 9 அன்று தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள் வெளியாயின. சொன்ன விலையில் விற்க வாய்ப்பில்லாத பொருளைத் தூண்டிலாகக் காட்டுவதை அவை தடுக்கின்றன. கையிருப்பு குறைவென்றால் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். நிபந்தனைக் குறிப்பு விளம்பரக் கூற்று இருக்கும் மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் சலுகையை முழங்கிவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடியெழுத்தில் ஓட்டுவது ஆகாது. 2023 நவம்பர் 30இல் வந்த மற்றொரு வழிகாட்டு நெறி இணைய விற்பனைத் தளங்களின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு, பொய் அவசரத்தை முதலிடத்தில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலேயே, மிகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே கிடைக்கும் என்று பொய்யாகச் சொல்லி உடனடி முடிவெடுக்க வைப்பதை எந்தச் சூழலிலும் முறையற்றது என்று வகைப்படுத்தியிருந்தது.

எது உண்மை, எது பொய்

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் சலுகைகளைத் தரம் பிரிக்க முடியும். அரசு மானியத்தோடு தேதி குறித்து வரும் கைத்தறி, கதர்த் தள்ளுபடி உண்மையானது. ஆடியில் பழைய சரக்கைக் குறைத்து விற்கும் கடையின் தள்ளுபடியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அங்கே ஆடிக்கென்றே வந்த சரக்கும் கலந்திருக்கும் என்பதால் துணியின் தரத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும். நகைக்கடையின் சேதாரக் குறைப்பு தேதியோடும் விழுக்காட்டோடும் சொல்லப்பட்டால் சரிபார்க்கலாம், முந்தைய சேதாரம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது அவசியம். முடியும் தேதியே இல்லாமல் சில நாள்களுக்கு மட்டும் என்று ஓடும் விளம்பரத்தில் நம்புவதற்கு எதுவும் இல்லை. பதிவு செய்த நிகழ்ச்சியில் ஓடும் கடிகாரம் பொய்.

சரிபார்க்கும் வழியும் எளியது. அழைக்காமல் ஒரு நாள் பொறுத்து, மறுநாள் அதே நேரத்தில் அதே அலைவரிசையைப் பார்த்தால் போதும். கெடு முடிந்த சலுகை திரும்ப வந்தால் முதல் நாள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். திரும்ப வராவிட்டாலும், அந்தப் பொருள் தேவைதானா என்று யோசிக்க ஒரு நாள் கிடைத்திருக்கும்.

ஏமாந்தவர்களுக்கு முன்பைவிட இப்போது வழி அருகில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. மும்பையிலோ நொய்டாவிலோ இருக்கும் நிறுவனத்தோடு சில நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்ட யாரும் துணியவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்தது. ஆகவே கே.கே. நகரில் வசிப்பவர் தொலைக்காட்சியில் பார்த்து வாங்கிய பொருளுக்கு, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. அதற்கு முன்படியாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். விளம்பரம் ஓடிய நாள், நேரம், அலைவரிசையின் பெயர், திரையைக் கைபேசியில் எடுத்த படம், ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பவரின் புகாருக்கே வலு உண்டு.